பழுப்புப் பல்லும் பாதாம் பாலும்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, 9 பிப்ரவரி 2025

"பாலக்காடு மாவட்டத்தில் எருத்தேம்பதிப் பக்கம் இருக்கிறோம். பையனுக்கு எட்டு வயது. முன்பல் இரண்டிலும் வெள்ளைத் திட்டு, நடுவே பழுப்புக் கோடு. படித்தது மனதில் நிற்பதில்லை என்று டீச்சரும் சொல்கிறார். இரண்டுக்குமே சத்துக்குறைவுதான் காரணம், பாதாம் பாலும் மூளை டானிக்கும் கொடு என்கிறார் மாமியார். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகிறது. ஐந்து மாதமாகியும் கறை போகவில்லை. இளையவளுக்கு ஒன்றரை வயது, அவளுக்கும் இப்போதே ஆரம்பிக்கச் சொல்கிறார். சாப்பாட்டில் இருக்கும் சத்துக்கும் பல்லுக்கும் மூளைக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?"

9 பிப்ரவரி, இரவு

உண்டு. ஆனால் பாதாமுக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? போரா, கிணறா, பஞ்சாயத்துப் பைப்பா? போர் என்றால் எத்தனை அடி?

10 பிப்ரவரி

600 அடி போர் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பள்ளிக்கூட டீச்சர், 1982இல் பிறந்தவள். அடுத்த வருடம் கேரளம் முழுக்க வறட்சி. எங்கள் கிணறு வற்றிப்போய், அப்பா கடன் வாங்கிப் போர் போட்டார். ஊரிலேயே ஆழமான போர் எங்களுடையது. கற்கண்டு மாதிரித் தெளிந்த தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரர்களும் குடத்தோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தத் தண்ணீரில்தான் நான் வளர்ந்தேன், என் தங்கையும் வளர்ந்தாள். அண்ணன் மட்டும் ஒரு வயதிலிருந்து ஏழு வயதுவரை ஆனைமலையில் அம்மிச்சி வீட்டில் இருந்தான். அங்கே ஆழியாற்றுத் தண்ணீர்.

அண்ணனுக்குப் பல் பால்போல் இருக்கிறது. எனக்கும் தங்கைக்கும் பழுப்பு. தங்கைக்கு மேல்வரிசையில் குழி குழியாகவும் இருக்கிறது.

அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயி, எங்களை விடமாட்டார். "பொம்பளப் புள்ளைக பல்லு இப்படியா?" என்று உமிக்கரியை விரலில் அழுத்தி, ஈறு எரியும்வரை தேய்த்துவிடுவார். அண்ணன் வேப்பங்குச்சியை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடிவிடுவான். ஒழுங்காகப் பல் தேய்க்காததற்காக அடி வாங்கியது நாங்கள் இருவரும்தான். ஒரே தாய், ஒரே அடுக்களை, ஒரே கஞ்சியும் பயிறும். பல்லில் மட்டும் ஏன் இந்த வித்தியாசம் என்று வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கே முப்பது வயது தாண்டித்தான் தோன்றியது.

உங்கள் பையன் பல்லில் இருப்பது அழுக்கு இல்லை. அவனைத் திட்டாதீர்கள். இன்றைக்கு இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

11 பிப்ரவரி

"அப்படியானால் அது என்ன?" என்று நால்வர் கேட்டிருக்கிறீர்கள்.

ஃப்ளூரைடு. கருங்கல் பாறைக்குள் இருக்கும் சில கனிமங்களிலிருந்து இது தண்ணீரில் கரைந்து வருகிறது. பாறை இடுக்கில் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்கிக் கிடக்கிறதோ அவ்வளவு கரையும். ஆழமான போரில் அதிகமாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான். கேரளத்தில் ஃப்ளூரைடுக்குப் பேர்போன இடங்கள் இரண்டு: ஆலப்புழை, பாலக்காடு. பாலக்காட்டிலும் குறிப்பாகக் கிழக்கே நம் சித்தூர்ப் பக்கம்.

இதன் அளவு முக்கியம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லையும் 1.5தான். குறைந்த அளவில் இதே ஃப்ளூரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. அதனால்தான் பேஸ்டில் சேர்க்கிறார்கள். அளவு மீறினால், எனாமல் உருவாகும்போதே அதன் கட்டமைப்பைக் கெடுத்துவிடுகிறது. அங்கங்கே நுண்ணிய துளைகளோடு சுண்ணாம்பு நிறத்தில் எனாமல் அமைகிறது. பல் முளைத்த பிறகு சாயாவும் குழம்பும் அந்தத் துளைகளில் ஏறிப் பழுப்பாகிறது.

"உருவாகும்போதே" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏழு எட்டு வயதில் முளைக்கும் முன்பல்லின் எனாமல் அந்த வயதில் உண்டாவதில்லை. பிறந்த சில மாதங்களில் தாடைக்குள் தொடங்கி, நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. உங்கள் பையன் பல்லில் இன்று தெரிவது அவன் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் குடித்த தண்ணீர். எட்டு வயதில் கொடுக்கும் பாதாம் பால் அந்தக் காலத்துக்குப் போய்த் திருத்த முடியாது. அண்ணனின் வெள்ளைப் பல்லுக்கும் காரணம் இதுதான். ஊருக்குத் திரும்பி வந்து எங்களோடு அதே போர்த் தண்ணீரைத்தான் குடித்தான். ஆனால் முன்பல் அதற்குள் ஆழியாற்றில் உருவாகி முடிந்திருந்தது.

இதைக் கண்டுபிடிக்கவே வெகுகாலம் ஆனது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901இல் ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் போனார். ஊர்க்காரர்கள் பல்லில் எல்லாம் பழுப்புக் கறை. காரணம் தண்ணீரில் இருக்கும் ஃப்ளூரைடுதான் என்று தெரிய 1931 ஆயிற்று. நம் பக்கத்தில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் வட்டாரத்தில் பல்லும் எலும்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1937இல் மருத்துவர்கள் எழுதினார்கள். நான் பிறப்பதற்கு 45 வருடம் முன்பே தெரிந்த சங்கதி. எங்கள் வீட்டுத் திண்ணைவரை அது வந்துசேரவில்லை.

11 பிப்ரவரி, பின்னிரவு

தண்ணீரைப் பரிசோதிக்கும்வரை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

12 பிப்ரவரி

நேற்று இரவு எழுதியது தவறு. தயவுசெய்து யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஃப்ளூரைடு போகாது. ஆவியாவது தண்ணீர்தான். ஃப்ளூரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடுவதால், சுண்டச் சுண்ட அதன் அளவு கூடும். காலையில் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் அறிவியல் டீச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர்தான் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இது எழுத்துப்பிழை மாதிரிச் சின்ன விஷயமாகப் படவில்லை. இங்கே வீட்டுக்கு வீடு பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டு இளஞ்சிவப்பாகத் தண்ணீர் காய்ச்சி வைக்கிறோம். காய்ச்சிய தண்ணீர்தானே, இதில் என்ன கெடுதல் என்ற நிம்மதியில்தான் என் அம்மாவும் எங்களுக்குக் கொடுத்தார். அதே நிம்மதியை நானும் நேற்று உங்களுக்குக் கொடுக்கப் பார்த்தேன். காய்ச்சுவதை நிறுத்தச் சொல்லவில்லை, மஞ்சள் காமாலைக்கும் வயிற்றுப்போக்குக்கும் அது அவசியம். ஆனால் எந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

16 பிப்ரவரி

இனி உணவுக்கு வருவோம்.

கால்சியம் குடலிலேயே ஃப்ளூரைடைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த பகுதி ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும். அதனால் ஒரே தண்ணீரைக் குடித்தாலும், பாலும் தயிரும் ராகியும் தாராளமாகச் சாப்பிடும் குழந்தைக்குப் பாதிப்பு குறைவு. வெறும் சோறும் மிளகாய்த் துவையலுமாக வளரும் குழந்தைக்குக் கூடுதல். ஒரே தெருவில் ஒரே போரில் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல் ஒரே மாதிரி இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் மாமியார் சத்துக்குறைவு என்று சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அவரிடம் அப்படியே சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஏழு முதல் ஒன்பது வயதுவரை ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகியில் சுமார் 350 கிடைக்கும். 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 120. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் நல்லது, கருவாடானாலும் சரி. முருங்கைக்கீரை வேலியிலேயே நிற்கிறது. பாதாமிலும் கால்சியம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எத்தனை படி ராகி வரும் என்று கணக்குப் பாருங்கள். எங்கள் அப்பாரு காலத்தில் காலையில் களிதான். நாங்கள்தான் அதை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு இட்லிக்கும் புட்டுக்கும் வந்தோம்.

கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும். வெயில் பட்டால் தோலே அதைச் செய்துகொள்ளும். பாலக்காட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறி வகுப்புக்குள் போய், சாயங்காலம் டியூஷனிலிருந்து இருட்டித்தான் வருகிறார்கள்.

அப்புறம் புளி. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்துப் பார்த்தார்கள். 18 நாளில் சிறுநீர் வழியாக வெளியேறும் ஃப்ளூரைடு கூடியது. கொஞ்சம் பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ரசத்தை விட்டுவிட்டுப் பாக்கெட் சூப்புக்குப் போன வீடுகளுக்கு இதைச் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் சொல்வது ரசத்துக்குக் கரைக்கும் வாளன்புளியை. மீன்கறிக்குப் போடும் குடம்புளி வேறு மரம்.

23 பிப்ரவரி

"டீச்சர் மூளை விஷயத்தையே தொடவில்லை" என்று ஒருவர் நினைவூட்டினார். பயந்துகொண்டுதான் தள்ளிப்போட்டேன். மூளைக்கு இது, ஞாபகத்துக்கு அது என்று விற்பவர்கள் நிறைந்த இடம். உறுதியாகச் சொல்லக்கூடிய இரண்டை மட்டும் சொல்கிறேன்: அயோடின், இரும்பு.

கர்ப்பத்தில் தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றிப்போகும். பிறகு எதைக் கொடுத்தும் முழுக்க மீட்க முடியாது. இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி 1956இல் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக்கழலை குறையும் என்று காட்டியது. இன்று கடையில் அயோடின் உப்பு கிடைப்பதற்கு அடித்தளம் அது. நம் பக்கத்துக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மரவள்ளிக்கிழங்கில் இருக்கும் ஒரு பொருள் உடம்புக்குள் போய், தைராய்டு அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் அது பெருமளவு போய்விடும். மலையாளத்து அம்மாக்கள் கப்பையை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைப்பதில் நல்ல அறிவு இருக்கிறது. கிழங்கு மட்டும் தின்று, உப்பிலும் அயோடின் இல்லையென்றால்தான் ஆபத்து. மத்திக் குழம்போடு தின்பவர்களுக்குக் கவலை இல்லை. கடல்மீனில் அயோடின் உண்டு.

இரும்பு பற்றி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்குழந்தை, நான்காம் வகுப்பு. மூன்றாவது பீரியடில் தலை சாய்ந்துவிடும். கேள்வி கேட்டால் உதடு அசையும், சொல் வராது. மந்தம் என்று எல்லோரும் எழுதிவிட்டோம், நானும்தான். சுகாதார முகாமில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. ரத்தம் வெளுத்தபின் குழந்தை எப்படி விழித்திருக்கும்? வளரும் மூளையில் நரம்பைச் சுற்றி உறை உருவாகவும், நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி கடத்தவும் இரும்பு வேண்டும். மூன்று மாத மாத்திரைக்குப் பிறகு அவள் முதல் மதிப்பெண் எல்லாம் வாங்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவளோடு சண்டை போட ஆரம்பித்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கேரளத்தில் 39. நாம் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் பத்தில் நான்கு குழந்தை.

இதில் பல்லும் மூளையும் ஒன்றாக வந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது: கட்டஞ்சாயா, அதாவது பால் விடாத தேநீர். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும் இனம். முற்றிய இலையில் அது கூடுதல். அதைப் போர்த் தண்ணீரிலேயே கொதிக்கவைத்தால் இரண்டும் சேர்ந்துவிடுகிறது. போதாததற்கு, சாயாவின் துவர்ப்பு சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. இங்கே மூன்று வயதுக் குழந்தைக்கும் காலையில் புட்டோடு ஒரு கிளாஸ் கட்டஞ்சாயா ஊற்றுகிறோம். பால் வாங்க முடியாத வீட்டில்தான் இது அதிகம். அதாவது கால்சியமும் இல்லாத வீட்டில்.

குழந்தைக்குச் சாயா வேண்டவே வேண்டாம். பெரியவர்கள் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைக்கும் பயிறுக்கும் மேல் எலுமிச்சை பிழிந்தால், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காய் தின்றால், இரும்பு நன்றாகச் சேரும்.

24 பிப்ரவரி

உப்பு பற்றி எழுதியதும் ஒருவர் இந்துப்பைப் பற்றிக் கேட்டார். நானே ஒரு வருடம் இந்துப்புதான் பயன்படுத்தினேன். வீடியோ ஒன்றில் இயற்கை உப்பு, எண்பது தாதுக்கள் என்று சொன்னதை நம்பினேன். அந்தத் தாதுக்கள் எல்லாம் கணக்கில் வராத அளவு. அயோடின் போதாது, அதுதான் கணக்கில் வருவது. அப்போது இளையவன் வயிற்றில் இருந்தான். அவன் நன்றாகத்தான் இருக்கிறான். இருந்தாலும் அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அயோடின் உப்புப் பாக்கெட்டே வாங்குங்கள். மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். லாரியில் வரும் கல்லுப்பு ஊறுகாய்க்கு இருக்கட்டும்.

3 மார்ச்

சொத்தையையும் ஃப்ளூரைடு கறையையும் சேர்த்துக் குழப்பிப் பலர் எழுதுகிறீர்கள். இரண்டும் வேறு.

சொத்தை சர்க்கரையால் வருவது. வாயில் இருக்கும் கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். அமிலம் எனாமலைக் கரைக்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த மிட்டாய் வாய்க்குள் போனால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஸ்வீடனில் விப்பெஹோம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940களின் பின்பாதியில் இதைச் சோதித்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று கூடியது. சம்மதம் சொல்லக்கூட முடியாத மனிதர்களின் பல்லைப் பாழாக்கிக் கிடைத்த அறிவு இது. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்களையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் மூத்த மகளுக்கு நான் செய்ததையும் எழுதுகிறேன். இரண்டு வயதுவரை இரவில் சர்க்கரை போட்ட பால் புட்டியோடுதான் தூங்குவாள். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறையும், பால் பல்லிலேயே தேங்கும். மேல் முன்பல் நான்கும் கரைந்து வேர் மட்டும் நின்றது. "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்றார்கள் எல்லோரும். ஆனால் வலியில் அவள் கடித்துச் சாப்பிட மாட்டாள். வெறும் பாலும் பிஸ்கட்டும்தான். அதில் இரும்பு ஏது? எடை ஏறவில்லை. பல் வலித்தால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் வகுப்பில் தூக்கம். நான் பல்லையும் மூளையையும் சேர்த்தே பேசுவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இரவில் புட்டி வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெறும் தண்ணீர்.

4 மார்ச்

பேஸ்ட்: "ஃப்ளூரைடு கெடுதல் என்றால் பேஸ்டையும் நிறுத்திவிடலாமா?" என்று கேட்டவருக்கு நேற்று ஆமாம் என்று பதில் போட்டிருந்தேன். அழித்துவிட்டேன். பேஸ்ட் பல்லின் மேல்பரப்பில் வேலை செய்கிறது, சிக்கல் விழுங்குவதில்தான். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. பக்கத்தில் நின்று துப்பவைக்க வேண்டும். நம் ஊர்த் தண்ணீரைக் குடிக்கும் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்பதைப் பல் மருத்துவரிடம் தண்ணீர் அளவைச் சொல்லிக் கேளுங்கள். உமிக்கரி வேண்டாம், எனாமலைத் தேய்த்தெடுக்கும். அப்பாயி மன்னிக்கட்டும்.

19 மார்ச்

ஈறு நோய் வந்தால் ஞாபக மறதி நோய் வருமா என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். 2019இல் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் ஈறு நோய்க் கிருமியின் தடயங்களைக் கண்டதாக ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கிருமியின் நச்சைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், 2021இல் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அதனால் பல் தேய்த்தால் மறதி வராது என்று சொல்ல மாட்டேன். ஈறில் ரத்தம் வந்தால் ஈறுக்காகவே பாருங்கள் ஐயா. நெல்லிக்காயும் கொய்யாவும் சாப்பிடுங்கள், ஆனால் அழுக்குப் படிந்த ஈறு பழத்தால் மட்டும் ஆறாது.

மறதி என்று சொன்னதால் இன்னொன்று. சைவச் சாப்பாட்டுக்காரரா நீங்கள்? வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி, கால் மரமரப்பு, நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது எல்லாம் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதை வயோதிகம் என்று தள்ளிவிடாதீர்கள்.

2 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் கேரள நீர் ஆணையத்தின் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து முடிவு வாங்கியிருக்கிறார். 2.4 மில்லிகிராம். "மூளையைப் பாதிக்கும் என்று எங்கோ படித்தேன், இரண்டு நாளாகத் தூக்கமில்லை" என்று எழுதியிருக்கிறார்.

அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையைத்தான் அவர் படித்திருக்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு உள்ள இடங்களில் வளரும் குழந்தைகளின் அறிவுத்திறன் அளவு சற்றுக் குறைவாக இருப்பதோடு தொடர்பு தெரிகிறது, மிதமான உறுதியோடு சொல்லலாம் என்கிறது அது. கூட்டத்தைக் கூட்டமாக ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு. உங்கள் பையன் ஒருவனை எடுத்துக்கொண்டு, இவன் மறப்பது தண்ணீரால்தான் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கும் தங்கைக்கும் அதே தண்ணீர்தான். நான் டீச்சர், அவள் கணக்கில் முதுகலை. தூங்குங்கள் அம்மா. முதலில் பையனின் ரத்தத்தையும் கண்ணையும் காட்டுங்கள்.

எழுதி முடித்துவிட்டு உங்கள் முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். இரண்டு மாதமாக எல்லோரும் பையனைப் பற்றியே பேசியிருக்கிறோம். நடுவில் ஒரு வரி: இளையவளுக்கு ஒன்றரை வயது. முன்பல் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் வயது அதுதான். முதல் நாளே நான் பிடித்திருக்க வேண்டிய வரி, எப்படியோ கண்ணில் படாமல் போய்விட்டது. அண்ணனுக்கு ஆனைமலை கிடைத்த வயதில் அவள் இருக்கிறாள். இன்றைக்கே அவளுக்குத் தண்ணீரை மாற்றுங்கள்.

3 ஏப்ரல்

எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறார். சரி.

குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேறு தண்ணீர் போதும். குளிக்க, துவைக்கப் போரே இருக்கட்டும், தோல் வழியாக இது ஏறாது. சோறு வடிப்பதும் பருப்பு வேகவைப்பதும் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரித்துப் பைப்பில் விடுகிறார்கள் என்றால் அது நல்லது. பழைய கிணறு இருந்தால் அதையும் பரிசோதியுங்கள். எங்கள் வீட்டில் போர் 2.6 காட்டியபோது, நாற்பது அடிக் கிணறு 0.7தான் காட்டியது. இத்தனை வருடம் அந்தக் கிணற்றை மூடி, மேலே விறகு அடுக்கி வைத்திருந்தோம். கூரையில் விழும் மழைத் தண்ணீரில் ஃப்ளூரைடு அநேகமாக இருக்காது. முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்து வையுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் ஃப்ளூரைடை எடுத்துவிடும், கூடவே கால்சியத்தையும் எடுத்துவிடும். அதனால் தயிரையும் ராகியையும் விடக்கூடாது. சாதாரணக் கேண்டில் ஃபில்டர் இதற்குப் பயன்படாது. நாக்பூரில் இருக்கும் நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தார் உருவாக்கிய நல்கொண்டா முறை என்று ஒன்று உண்டு. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைப்பது. அளவு தப்பினால் படிகாரத்தின் அலுமினியம் தண்ணீரில் தங்கும். வீட்டில் தாமாகச் செய்ய வேண்டாம், பஞ்சாயத்து செய்யட்டும்.

27 ஏப்ரல்

தங்கை வந்திருந்தாள். இந்த இழையை முழுக்கப் படித்தாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு வீட்டார், பல்லைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனார்கள். ஒரு வீட்டம்மா எங்கள் அம்மாவிடம் "புள்ளைக்குப் பாக்குப் பழக்கம் உண்டோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவள் சிரிக்கும்போது சேலைத் தலைப்பு வாயை மூடும். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியும் அந்தக் கை தானாக மேலே போகிறது. இப்போது பல் மருத்துவரிடம் போனால் மேற்பரப்பை லேசாகச் சுரண்டி நிறம் மாற்றுகிறார்கள், ஆழமான குழிக்கு மேலே பூச்சு வைக்கிறார்கள். அவளிடம் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும் அக்கா. அப்பாயி இருந்திருந்தா இதைப் படிச்சுக் காட்டியிருக்கலாம்" என்றாள்.

14 ஜூன்

பலர் விசாரித்ததால் எழுதுகிறேன். பையனுக்கு ஹீமோகுளோபின் 9.1 இருந்தது. கண்ணிலும் குறை, கரும்பலகையில் பாதி எழுத்து தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடி போட்டாயிற்று, இரும்பு மாத்திரை நடக்கிறது. மூளை டானிக்கை நிறுத்தியாயிற்று. படிப்பு மாறியிருக்கிறதா என்று சொல்ல இன்னும் நாளாகும். பள்ளி திறந்து பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

பாதாம் பாலை மாமியார் விடவில்லை, வாரம் இரண்டு நாள் கொடுக்கிறார். கொடுக்கட்டும். ஆனால் இளையவளுக்கென்று தினமும் காலையில் பஞ்சாயத்துப் பைப்பில் இரண்டு குடம் பிடித்து வருவதும் அவர்தானாம். ஒரு குடத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார், வேறு யாரும் அதில் சாயா போட்டுவிடக் கூடாது என்று.